வேலிக்கு உறுதி மரமே!

   

'வேலிக்குக் கால் நட ஏற்றது மரமா? கல்லா?' இதுதான் இன்றைய தலைப்பு. காலையில் தலைப்பைக் கேட்டதுமே ஒரு நெசவாளர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க வாத்தியாரே, நெசவு ஊர்ல வந்து வேலியப் பத்திப் பேசறீங்களே, நாங்க என்னத்தக் கண்டோம்?" நான் சொன்னேன்: "ஐயா, வேலியும் ஒரு நெசவுதாங்க. நட்டு நிற்கிற கால் பாவு. குறுக்கே ஓடுகிற கம்பி ஊடை. பாவு இற்றுப்போனால் ஊடை எத்தனை உசத்தியாக இருந்தாலும் துணி நிற்குமா?" அவர் சிரித்துக்கொண்டே, "அப்படிச் சொல்லுங்க!" என்று முன் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். (கைதட்டல்)

ஆக, கேள்வி காலைப் பற்றியது. கம்பியைப் பற்றியது அல்ல.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு போடு போட்டார். "மரம் மக்கும், கல் மக்குமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கல் மக்காது அம்மா. ஒப்புக்கொள்கிறேன். சங்ககிரிப் பக்கம், திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டம் தோட்டமாகக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி கட்டியிருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். பாகற்காய்ப் பந்தலுக்குக்கூடக் கல்லுக்கால்தான். அதை இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் நடுவர் அவர்களே, 'மரம் மக்கும்' என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னார்களே, அங்கேதான் வழக்கு இருக்கிறது. எந்த மரம் மக்கும்? மரத்தில் எந்தப் பாகம் மக்கும்? மண்ணில் எந்த இடத்தில் மக்கும்? இந்த மூன்றையும் கேட்காமல் மரத்துக்குத் தூக்குத் தண்டனை கொடுத்துவிட்டார்களே! (சிரிப்பு)

முதல் கேள்வி: மரத்தில் எந்தப் பாகம் மக்கும்?

நம் ஊர் ஆசாரியைக் கேளுங்கள். லாரிக்குப் பாடி கட்டுகிற நாமக்கல் ஆசாரியைக் கேளுங்கள். ஒரு கட்டையை அறுத்ததும் அவர் கண் எங்கே போகும்? நடுவில் கறுத்து இருக்கிற பாகத்துக்குப் போகும். "வைரம் பாஞ்சிருக்குங்க" என்பார். சுற்றிலும் வெளுத்து இருக்கிற பாகத்தைக் காட்டி, "இது வெளிறு, ஆகாது" என்று தள்ளுவார். இதைத்தான் தொல்காப்பியர் மரபியலில் எவ்வளவு அழகாக வகுத்து வைத்தார்! உள்ளே காழ் உடையதை மரம் என்றார், வெளியே காழ் உடையதைப் புல் என்றார். காழ் என்றால் வயிரம். உரையாசிரியர்கள் புல்லுக்கு எடுத்துக்காட்டாகப் பனையையும் தெங்கையும் கமுகையும் மூங்கிலையும் சொன்னார்கள்.

இன்றைய தாவரவியலும் பனையையும் மூங்கிலையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று தனியே பிரித்து வைக்கிறது. பனையில் நார்க்கற்றைகள் வெளிப்புறத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன, நடுவே சோறு. அதனால்தான் பனையைப் பிளந்து, சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, கறுத்த புறத்தை மட்டும் வீட்டுக்குச் சட்டமாகப் போடுகிறோம். எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று தெரிந்தவன் கையில்தான் பொருள் நிலைக்கும்.

அந்த வைரம் எப்படி உண்டாகிறது தெரியுமா? இது ஒரு குடும்பக் கதை. மரம் வெளியே வெளியே வளர்கிறது. வெளியில் இருக்கிற இளம் பாகம் வேரிலிருந்து தண்ணீரைத் தூக்கி இலைக்குக் கொடுக்கிறது. அது உழைக்கிற பிள்ளை. உள்ளே இருக்கிற பழைய பாகத்தில் உயிருள்ள செல்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. சாகிறதற்கு முன்னால் அவை சும்மா போவதில்லை. தங்களிடம் இருக்கிற சர்க்கரையையும் மாவையும் கசப்பாகவும், பிசினாகவும், எண்ணெயாகவும், நிறமாகவும் மாற்றி அங்கேயே வைத்துவிட்டுப் போகின்றன. பூச்சிக்கு அது விஷம். பூசணத்துக்கு அது பகை. மரத்தை உள்ளே தாங்குகிற வைரம் அதுதான்.

நம் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தானே? ஓடி ஆடி உழைத்த காலம் போய்விட்டது. ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். "பெருசு எதுக்கு, சும்மா இருக்குது" என்கிறோம். ஐயா, அது சும்மா இல்லை. அது வைரம். வீட்டுக்குப் புயல் வருகிற அன்றைக்குத் தெரியும், யார் தாங்கினார்கள் என்று! (பலத்த கைதட்டல்)

வெளிறு ஏன் மக்குகிறது? அங்கே சர்க்கரையும் மாவும் அப்படியே இருக்கின்றன. கரையானுக்கு அது கல்யாணச் சாப்பாடு! எந்த மரமாக இருந்தாலும், தேக்காகவே இருந்தாலும், வெளிறு வெளிறுதான். ஆகவே 'தேக்குக் கம்பம் வாங்கினேன், மக்கிப்போச்சு' என்று யாராவது சொன்னால், அவர் தேக்கு வாங்கவில்லை. தேக்கின் வெளிறை வாங்கியிருக்கிறார். இளமரத்தை வெட்டி, தோல் உரித்து, 'கம்பம்' என்று விற்றால் அதில் முக்கால் பாகம் வெளிறாகத்தான் இருக்கும். மரத்தின் பெயரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள், மரத்தின் வயதையும் கேளுங்கள்!

இரண்டாவது கேள்வி: எந்த மரம்?

அமெரிக்காவில் இருக்கிற என் பழைய மாணவர் ஒருவர் போன வருஷம் வந்திருந்தார். "ஐயா, எங்க வீட்டுக்கு வேலி போட்டேன். செடார் மரம். அங்கெல்லாம் வேலின்னா செடார்தான்" என்றார். பெருமையாகச் சொன்னார். நான் கேட்டேன்: "தம்பி, அது உண்மையான செடாரா?" அவர் முழித்தார்.

உண்மையான செடார் எது? லெபனான் நாட்டுக் கொடியின் நடுவே நிற்கிறதே, அது. சாலமோன் அரசன் எருசலேமில் ஆலயம் கட்ட லெபனானிலிருந்து வரவழைத்ததாக விவிலியம் சொல்கிறதே, அந்த மரம். அதற்கு நம் நாட்டிலும் ஓர் உடன்பிறப்பு உண்டு. இமயமலையில் வளர்கிற தேவதாரு! தேவர்களின் மரம் என்று பெயரிலேயே இருக்கிறது. காஷ்மீரத்தில் ஸ்ரீநகரில் ஜீலம் ஆற்றின் குறுக்கே பழைய பாலங்களைத் தேவதாருவில்தான் கட்டினார்கள். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்குக் கட்டையாகவும் தேவதாரு கிடந்திருக்கிறது. ரயிலையே தாங்கிய மரம், ஆட்டுக்குட்டியைத் தடுக்காதா? (சிரிப்பு)

என் மாணவர் வீட்டு வேலியில் இருப்பது பெயரளவில் செடார், குடும்பத்தில் சைப்ரஸ். அமெரிக்க மேற்குக் கரையில் வளர்வது. ஆனால் அதன் வைரத்திலும் துஜாப்ளிசின் என்றொரு பொருள் இருக்கிறது. பூசணத்தை அண்டவிடாது. அறுத்தால் மணக்கும். ஆக, பெயர் எதுவானாலும் நியாயம் ஒன்றுதான்: அங்கேயும் வைரம்தான் நிற்கிறது, வெளிறு அங்கேயும் மக்குகிறது.

அதற்காகக் குமாரபாளையத்து விவசாயி அமெரிக்காவிலிருந்து செடார் வரவழைக்க வேண்டுமா? வேண்டாம்! தேவர்களின் மரம் இமயத்தில் இருக்கட்டும்; உழவர்களின் மரம் நம் மண்ணிலேயே இருக்கிறது. வண்டிச் சக்கரத்துக்குக் கருவேலம் என்று வைத்தான். செக்குக்கு வாகை என்று வைத்தான். உலக்கைக்குக் கருங்காலி என்று வைத்தான். கிணற்றுக்கு அடியில் தண்ணீரிலேயே கிடக்க நெல்லிக்கட்டை என்று வைத்தான். இந்தியாவிலேயே மிகக் கனமான மரங்களில் ஒன்று ஆச்சா மரம். அது நம் வறண்ட காடுகளில் வளர்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மரம் என்று தெரிந்து வைத்திருந்தானே, அவனை 'படிக்காதவன்' என்று எழுதி வைத்துவிட்டோம்!

எதிரணித் தலைவர் கேட்பார்: "வாத்தியாரே, இதெல்லாம் வாய்ப்பேச்சு. அளந்து பார்த்தீர்களா?" அளந்திருக்கிறார்கள் ஐயா! டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு சோதனை. வைரப் பாகத்திலிருந்து 60 செண்டிமீட்டர் நீளம், 5 செண்டிமீட்டர் அகலம், 5 செண்டிமீட்டர் கனத்தில் துண்டு போட்டு, பாதியை மண்ணில் புதைத்து, வரிசையாக நட்டு வைத்து, கரையானும் பூசணமும் என்ன செய்கின்றன என்று பல வருஷம் பார்ப்பார்கள். அந்தச் சோதனைக்குப் பெயர் என்ன தெரியுமா? மயானச் சோதனை! பார்ப்பதற்கு இடுகாட்டில் கல் நட்டது போலவே இருக்கும். (சிரிப்பு) சராசரியாக 120 மாதங்களுக்கு மேல் நின்றால் முதல் வகுப்பு. 60 முதல் 120 மாதம் வரை நின்றால் இரண்டாம் வகுப்பு. 60 மாதம்கூடத் தாங்காவிட்டால் மூன்றாம் வகுப்பு. தேக்கு முதல் வகுப்பில் தேறிவிட்டது. மாமரம் மூன்றாம் வகுப்பு! பழம் எவ்வளவு இனிப்பாக இருந்தால் என்ன? இனிக்க இனிக்கப் பேசுகிறவர்கள் எல்லாம் கடைசி வரைக்கும் கூட நிற்பார்களா? (கைதட்டல்)

ஒன்றைக் கவனியுங்கள். 5 செண்டிமீட்டர் கனமுள்ள சின்னக் குச்சிக்கே 10 வருஷம். உங்கள் வேலிக்கால் அதைவிடப் பருமன். பருமன் கூடக்கூட ஆயுளும் கூடும்.

மூன்றாவது கேள்வி: மண்ணில் எந்த இடத்தில் மக்கும்?

விழுந்த வேலிக்காலை எடுத்துப் பாருங்கள். உச்சி நன்றாக இருக்கும். அடிநுனி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்த மட்டத்தில், ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் அரித்து இடுப்பு ஒடிந்திருக்கும். ஏன்? பூசணம் வளர ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். உச்சியில் காற்று உண்டு, ஈரம் நிற்பதில்லை. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று போதாது. மண் மட்டத்தில் மட்டும் இரண்டும் சேர்ந்து கிடைக்கின்றன. வெனிஸ் நகரம் முழுக்கச் சேற்றில் அடித்த மரக்கட்டைகளின் மேல் பல நூற்றாண்டுகளாக நிற்கிறதே, எப்படி? கட்டை முழுதும் நீருக்கடியில், காற்றுப்படாமல் இருக்கிறது. நம் கிணற்று நெல்லிக்கட்டைக்கும் அதே கணக்குத்தான்.

ஆகவே நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது. மருந்து சுலபம். பச்சை மரத்தை நடாதே. நிழலில் அடுக்கி உலர விடு. காலின் தலையைச் சாய்வாகச் சீவு, மழைத்தண்ணீர் வெட்டுமுகத்தில் தங்கக் கூடாது. ஏனென்றால் மரம் பக்கவாட்டில் குடிப்பதைவிட வெட்டுமுகத்தில்தான் அதிகம் குடிக்கும். குழியின் அடியில் சரளைக்கல் போடு, தண்ணீர் வடியட்டும். மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது, குறைந்தது நாலில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இருக்கட்டும். மூலைக்கால் மற்றதைவிடப் பருமனாக, ஆழமாக, முட்டுக்கொடுத்து நிற்கட்டும். காலைச் சுற்றிச் சிமெண்ட் போட்டால், கிண்ணம் போலக் குழித்து விடாதே. வெளியே சரிவாகப் பூசு. கிண்ணம் வைத்தால் அது வேலிக்காலுக்கு வைத்த தண்ணீர்த் தொட்டி!

சிலர் அடியை நெருப்பில் கருக்கி நடுகிறார்கள். மேலே கரி நல்லதுதான், கரையானுக்குக் கரி ருசிக்காது. ஆனால் கருக்கும்போது வெடிப்பு விழுந்தால் அந்த வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே போய்விடும். வெளிறைக் கருக்கினால் வைரமாகிவிடாது. மூங்கிலை நடுகிறவர்கள் ஆற்றில் ஊறப்போட்டு எடுப்பார்கள். அது வெறும் சடங்கு இல்லை. மூங்கிலின் மாவுச்சத்து தண்ணீரில் கரைந்து போகும். மாவு குறைந்தால் உளுத்துப்போகச் செய்கிற வண்டு வராது.

இன்னும் ஒன்று. வைரம் இல்லாத மரத்துக்கும் வைரம் ஏற்ற முடியுமா என்று ஓர் இந்தியர் யோசித்தார். சொண்டி காமேசம் என்று பெயர். அதே டேராடூனில், 1933இல், செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றையும் சேர்த்து மரத்துக்குள் ஏற்றுகிற கலவையைக் கண்டுபிடித்தார். செம்பு பூசணத்தைத் தடுக்கும், ஆர்செனிக் பூச்சியைத் தடுக்கும், குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிடித்து வைக்கும். உலகம் முழுக்க அந்த முறையில் கம்பங்கள் நின்றன. ஆனால் ஆர்செனிக் என்றால் பாடாணம். அதனால் அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு முடிவோடு வீட்டு உபயோக மரங்களுக்கு அதைப் போடுவதை நிறுத்திக்கொண்டார்கள். தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: மருந்து ஏற்றிய கம்பத்தின் துண்டை அடுப்பில் வைக்காதீர்கள். அந்தப் புகை ஆகாது. செயற்கை வைரத்துக்கு இந்தப் பயம் உண்டு. மரம் தானே விளைவித்த வைரத்துக்கு இல்லை.

இனிக் கல்லுக்கு வருகிறேன். கல் மக்காது. ஆனால் உடையும்! மேலிருந்து எவ்வளவு பாரம் வைத்தாலும் தாங்கும். பக்கத்திலிருந்து ஒரு தள்ளு தள்ளினால்? டிராக்டரைப் பின்னால் எடுக்கும்போது ஒரு இடி. மரக்கால் சாயும், திரும்ப நிமிர்த்திக்கொள்ளலாம். கல்லுக்கால் 'டக்' என்று ஒடியும். வளைந்து கொடுக்கத் தெரியாததற்கு வாழ்க்கையில் இதுதான் கதி! (கைதட்டல்) மரத்தில் யூ ஆணி அடித்துக் கம்பியை மாட்டலாம். கல்லில் ஆணி இறங்குமா? சுற்றிக் கட்ட வேண்டும், கட்டு நழுவும். சிமெண்ட் கால் போட்டால் உள்ளே இருக்கிற இரும்பு துருப்பிடிக்கும், துரு ஊதும், சிமெண்ட் வெடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கணக்கு. ஒரு மரத்தை வெட்டினால் இன்னொன்றை நடலாம். ஒரு குன்றை வெட்டினால்? எந்த நாற்றங்காலில் குன்று கிடைக்கும்?

நடுவர் அவர்களே, எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி. காவிரிக்கு இந்தப் பக்கம்தான் தோட்டம். ஊரும் பேரும் வேண்டாம். அவருக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் நடுவில் அவர் தாத்தா காலத்துக் கிளுவை வேலி. இரண்டு பேரும் மாமன் மச்சான் முறை. மகனுக்கு வேலி பழசாகத் தெரிந்தது. "இது என்னப்பா, முள்ளும் புதருமா! இடத்த அடைக்குது. பிடுங்கிட்டுக் கம்பி வேலி போடலாம்" என்றான். பிடுங்கினார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று இளங்கம்பங்களை வாங்கி நட்டார்கள். தோலோடு, பச்சையாக, அத்தனையும் வெளிறு. மூன்றாவது மழைக்காலத்தில் ஒரு காற்று. மண் மட்டத்தில் ஒவ்வொன்றாக ஒடிந்தது. இரவோடு இரவாகப் பக்கத்துத் தோட்டத்து ஆடுகள் உள்ளே புகுந்து சோளத்தை மேய்ந்துவிட்டன.

காலையில் சண்டை. "உங்க ஆட்டக் கட்டத் தெரியாதா?" "உங்க வேலிய நிறுத்தத் தெரியாதா?" வாய் தடித்தது. போலீஸ் வரை போகவில்லை, ஆனால் பேச்சு நின்றது. ஒரு வீட்டுச் சீருக்கு இன்னொரு வீடு போகவில்லை. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணானுக்கு உட்கார வேலிகூட இல்லை! சொற்ப ரூபாய் மிச்சம் பிடித்த கம்பம், இரண்டு தலைமுறை உறவைச் சாய்த்துவிட்டது.

அந்த வீட்டில் ஒரு பாட்டி. எண்பதைத் தாண்டியவர். பேரனைக் கூப்பிட்டார். "கண்ணு, செத்த மரத்த நட்டா அது சாகத்தான் செய்யும். உசுரு இருக்கற மரத்த நட்டுப் பாரு, சாமி. போய் அந்த மாமனைக் கூட்டிட்டு வா. ரெண்டு பேரும் சேந்து நடுங்க" என்றார்.

நடுவர் அவர்களே, இந்த மேடையில் என் கட்சிக்கு அந்தப் பாட்டிதான் வழக்கறிஞர்! மக்காத மரக்கால் எது என்று நாம் தேவதாருவிலும் தேக்கிலும் தேடிக்கொண்டிருந்தோம். மக்காத மரக்கால் உயிருள்ள மரக்கால்! வேர் பிடித்த காலைக் கரையான் என்ன செய்யும்? செத்த கட்டை நாளாக ஆக மெலியும். உயிர்க்கட்டை நாளாக ஆகப் பருக்கும். வருஷம் போகப்போக உறுதி கூடுகிற கால் எந்தக் கல் குவாரியில் கிடைக்கும்?

காங்கேயம், தாராபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். கொரங்காடு என்று சொல்லுகிற மேய்ச்சல் நிலங்கள். கொழுக்கட்டைப் புல் விளையும், நடுவே வெள்வேல மரம் நிற்கும், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம் காளையை வளர்த்ததில் அந்த வேலிக்கும் பங்கு உண்டு. கிளுவைக்கு விதைகூட வேண்டாம். போத்தை வெட்டி, மழைக்கு முன்னால் வரிசையாக ஊன்றினால் வேர் பிடித்துவிடும். முள் இருக்கிறது, மாடு தாண்டாது. அதிலே பிரண்டை ஏறும், கோவை ஏறும், முசுமுசுக்கை ஏறும். ஒரு செடிக்கு நம் ஆட்கள் பெயரே வேலிப்பருத்தி என்று வைத்தார்கள்! சளிக்கு மருந்தும் துவையலுக்குப் பிரண்டையும் வேலியிலேயே கிடைத்தன. கல்லுக்காலில் துவையல் அரைக்க முடியுமா? "அம்மிக்கல்லில் அரைக்கலாமே" என்று எதிரணி சொல்லும். அரைப்பதற்குப் பிரண்டை எங்கிருந்து வரும்? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள அறிவில்லை. அமெரிக்கச் சமவெளியிலும் முள்கம்பி வருவதற்கு முன்னால் ஓசேஜ் ஆரஞ்சு என்னும் முள்மரத்தை நெருக்கமாக நட்டுத்தான் வேலி வளர்த்தார்கள். 1874இல் இலினாய் மாநிலத்து ஜோசப் கிளிடன் என்ற விவசாயி முள்கம்பிக்கு உரிமம் வாங்கினார். உயிர்வேலி குறைந்தது, கம்பி ஓடியது. அப்போது கம்பியைக் கட்டக் கால் வேண்டுமே! எந்த மரத்தைத் தேடினார்கள்? அதே ஓசேஜ் ஆரஞ்சு மரத்தின் வைரத்தை! மண்ணில் நீண்ட காலம் மக்காமல் நிற்கும் என்று அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். வேலியாக வாழ்ந்த மரமே, வெட்டிய பிறகும் வேலிக்காலாக நின்றது.

எல்லை என்பது பகைக்காக இல்லை. 1997 ஜனவரி 1ஆம் நாள் சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. நமக்கும் சேலத்துக்கும் பேச்சு நின்றுவிட்டதா? இந்தக் கரையில் குமாரபாளையம், அந்தக் கரையில் பவானி. நடுவில் ஓடுகிற வேலி காவிரி! இவர்கள் அங்கே போய்ச் சங்கமேசுவரரைக் கும்பிடுகிறார்கள், அவர்கள் இங்கே வந்து லுங்கி வாங்குகிறார்கள். உயிருள்ள வேலி பிரிக்கவும் செய்யும், சேர்க்கவும் செய்யும். தஞ்சைப் பக்கம் நிலத்தின் அளவுக்கே வேலி என்று பெயர். 20 மா ஒரு வேலி, ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. நிலம் என்றாலே வேலி என்று பேசிய இனம், அந்த வேலிக்கு எதை நடுவது என்பதை மறந்து போகலாமா?

ஆகவே வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். உயிர்வேலி இருந்தால் பிடுங்காதீர்கள்; இடைவெளி விழுந்த இடத்தில் ஒரு போத்தை ஊன்றுங்கள். கால் நட்டே ஆக வேண்டும் என்றால், பெயரைப் பார்க்காமல் வைரத்தைப் பார்த்து வாங்குங்கள். தட்டிப் பாருங்கள், தூக்கிப் பாருங்கள், வெட்டுமுகத்தில் கறுப்பு எவ்வளவு, வெளுப்பு எவ்வளவு என்று பாருங்கள். மூன்றாவது, வரப்போரத்தில் இன்றைக்கே இரண்டு கன்று வையுங்கள். வைரம் பாய நாளாகும். உங்களுக்குப் பயன்படாது, பேரனுக்குப் பயன்படும். நமக்குப் பயன்பட்டவை எல்லாம் நாமா வைத்தோம்?

அந்தப் பேரன் மாமனைக் கூப்பிடப் போனானா என்று கேட்பீர்கள். போனான். மாமன் உடனே வரவில்லை. நாலு நாள் கழித்துத்தான் வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை. தன் தோட்டத்து மறுகோடியில் மிச்சம் இருந்த கிளுவையில் ஒரு கட்டுப் போத்து வெட்டிக்கொண்டு வந்தார். இன்னும் இரண்டு வீடும் முன்னைப் போல ஆகிவிடவில்லை. ஆனால் வேலி துளிர்த்திருக்கிறது. வேர் பிடித்தது துளிர்க்கும், உறவும் துளிர்க்கும். கல்லை நட்டிருந்தால் கல் நின்றிருக்கும், நான் மறுக்கவில்லை. துளிர்த்திருக்குமா?

நடுவர் அவர்களே, நிற்பது மட்டும் உறுதி அல்ல. நின்று, வளர்ந்து, அடுத்த தலைமுறைக்கும் நிழல் தருவதே உறுதி. ஆகவே வேலிக்கு ஏற்றது மரமே, மரமே என்று கூறி, நல்லதொரு தீர்ப்பை வழங்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)